விழுந்தவருக்கு வலிக்காத படிக்கட்டு

கரடிக்கொம்பில் டீக்கடைச் சாமியப்பன் புதுப் படிக்கட்டின் உச்சியிலிருந்து அடிவரை உருண்டு விழுந்து, உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் எழுந்து, வேட்டியில் ஒட்டிய சேற்றைத் தட்டிவிட்டுக்கொண்டு பால் கேனைத் தேடிப் போன அதே நேரத்தில், சாலைக்கு அந்தப் பக்கம் தன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்த அவனுடைய தாயாரின் முழங்கால் இரண்டும், யாரும் தொடாமலே, விறகு பிளப்பது போன்ற சத்தத்தோடு உடைந்தன. அவன் விழும்போது "அம்மா" என்று கத்தியிருந்தான். தமிழ் பேசும் எவரும் விழும்போது வேறென்ன கத்துவார்கள்?

மறுநாள் தபால்காரர் விழுந்தார். பக்கத்து ஊரில் அவருடைய தாயாருக்கு விலா முறிந்தது. பிறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விழுந்தார்கள், பிறகு மகன்கள், மகள்கள், மருமகன்கள் விழுந்தார்கள், அந்த ஆனி மாதம் முடிவதற்குள் ஊரின் தாய்மார்களில் பாதிப்பேர் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தார்கள், அடிவாரத்து ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் கட்டில் போதாமல் தரையில் பாய் விரித்தார்கள். புதிதாக ஒருத்தியைத் தூக்கிவந்தால் பழையவர்கள் தலையைத் திருப்பி, "மகனா, மகளா?" என்று கேட்பார்கள். அதுதான் அங்கே நலம் விசாரிக்கும் முறையாக இருந்தது.

கரடிக்கொம்பு மலையின் மழை பிடிக்கிற பக்கத்தில் இருக்கிறது. வைகாசிக் கடைசியில் ஆரம்பிக்கும் மழை ஐப்பசிவரை ஓயாது. இடையில் வெயில் வந்தால் பிள்ளைகள் பயந்து வீட்டுக்குள் ஓடுவார்கள். ஒரு கட்டில் போடும் அளவுக்குச் சமநிலம் கிடையாது என்பதால், சரிவில் மரத்தூண்களை நட்டு, அவற்றின்மேல் பலகை அடித்துப் பெரிய மேடையாக்கி, ரேஷன் கடை, தபால் நிலையம், மருந்து கொடுக்கும் கம்பவுண்டர், பஞ்சாயத்து அலுவலகம் எல்லாவற்றையும் அதன்மேல் வைத்திருந்தார்கள். அதற்குத் தட்டு என்று பெயர். கீழே பஸ் வரும் சாலை. சாலையிலிருந்து தட்டுக்குப் போக அந்த ஒரே படிக்கட்டு. அரிசி வேண்டுமென்றாலும் மாத்திரை வேண்டுமென்றாலும் செத்தவனுக்குச் சான்றிதழ் வேண்டுமென்றாலும் அதில்தான் ஏறியாக வேண்டும்.

படிக்கட்டைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் ஏறுவதைப் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் சாவது பெரும்பாலும் இறங்குகிறவன்தான். மனிதக் கால் முதல் ஓரிரு படிகளிலேயே மீதிப் படிகளின் உயரத்தை மனப்பாடம் செய்துகொள்கிறது, அதன்பிறகு அது கண்ணைக் கலந்தாலோசிப்பதில்லை. ஆகவே ஒரு படிக்கட்டில் எல்லாப் படிகளும் தப்பாக இருந்தால்கூட மன்னிக்கலாம், ஒரே மாதிரித் தப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கரடிக்கொம்பில் நடந்தது வேறு. அந்தப் பக்கத்தில் படிகளை லாபம், நஷ்டம், லாபம், நஷ்டம் என்று எண்ணுவார்கள்; கடைசிப் படி லாபத்தில் முடிய வேண்டும். அமைச்சர் திறந்துவைக்க வருவதற்கு முந்தின நாள் பஞ்சாயத்துத் தலைவர் தங்கப்பழம் எண்ணிப் பார்த்தபோது நஷ்டத்தில் முடிந்தது. அவர் கோவிந்தன் ஆசாரியைக் கூப்பிட்டு, உச்சிப் படியை இரண்டாகப் பிளந்து இரண்டு அரைப்படியாக்கச் சொன்னார். லாபம் வந்தது. அத்தோடு பலகைகளை இடைவெளி இல்லாமல் நெருக்கி அடித்து, அவை உள்பக்கமாகச் சாய்ந்து தண்ணீரைக் குளமாகத் தேக்குவதைக் கவனிக்காமல், அமைச்சரின் கட்சிக்குப் பிடித்த பச்சை நிறத்தில் பளபளவென்று எனாமல் பெயிண்ட் அடித்து, கைப்பிடிக்குப் பதிலாக யானைக்கால் பருமனில் பூவேலை செய்த மரம் ஒன்றைக் கட்டித் தழுவிக்கொள்ளும்படி நிறுத்தியிருந்தார்கள். அப்படிப்பட்ட படியில் விழாமலிருப்பவன்தான் விளக்கம் சொல்ல வேண்டியவன்.

விழுந்தவரின் காயம் ஏன் கூப்பிடப்பட்டவருக்குப் போனது என்பதைப் பற்றி ஊர் அதிகம் கவலைப்படவில்லை. அந்த மரத்தை வெட்டிய இடம் சரியில்லை என்றார்கள் சிலர். அரைப்படியின் கோபம் என்றார்கள் சிலர். எப்படி வாழ்வது என்பதுதான் கேள்வி. பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் பிள்ளைகளைச் சாக்கின்மேல் தள்ளிவிட்டு, அம்மாவைக் கூப்பிடாமல் விழப் பழக்கினார்கள். "ஐயோ" என்று கத்திப் பழகியவர்களுக்குக் காயம் தங்களிடமே தங்கியது. ஐயோ என்பது எமனுடைய மனைவியின் பெயர் என்று சொல்வார்கள். அவளுக்கு எதுவும் ஆனதாகத் தகவல் இல்லை. "முருகா" என்று கத்தியவர்களால் கோயிலில் கல்மயிலின் அலகு உடைந்தது, வேல் வளைந்தது, கடைசியில் பூசாரி, படியில் விழுவோர் சாமி பெயரைச் சொல்லக் கூடாது என்று பலகை எழுதித் தொங்கவிட்டார்.

அப்போதுதான் பலாமரம் ஒன்றுக்காக வழக்காடிக்கொண்டிருந்த அண்ணன் தம்பிகளில் தம்பி, ஒருநாள் நல்ல மழையில் குளித்துத் தலைவாரி, நெற்றியில் விபூதி பூசிக்கொண்டு உச்சிப் படிக்குப் போய், ஊரே பார்க்கத் தன் அண்ணன் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டு விழுந்தான். வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்த அண்ணன் வேப்பங்குச்சியோடு சேர்த்துப் பற்களையும் துப்பினான். அவன் தன் மனைவியை அனுப்பி விழச்சொன்னான். தம்பிக்கு மணிக்கட்டு போனது. தம்பியின் மைத்துனன் விழுந்தான். அண்ணனின் சம்பந்தி விழுந்தார். மழை நிற்கும்போது பலாமரத்துக்கு உரிமை கொண்டாட இரண்டு பக்கத்திலும் எழுந்து நிற்கக்கூடியவர் எவரும் மிச்சமில்லை.

அதன்பிறகு ஊர் மாறியது. வெயில்காலத்தில் எல்லோரும் எல்லோரிடமும் தேனாகப் பேசினார்கள், குழாயடியில் ஒருவருக்கொருவர் வழிவிட்டார்கள், யாரும் யாரையும் கைநீட்டி அடித்ததில்லை, பகையையெல்லாம் நெல்லைப் போலக் காயவைத்துச் சேர்த்துவைத்தார்கள். மழை விழுந்ததும் படியடியில் வரிசை நின்றது. விழும் முறை வராதவர்கள் வீட்டில் மெத்தையை உடம்பில் சுற்றிக் கயிற்றால் கட்டிக்கொண்டு, தலையில் தலையணையைச் செருகி, வாயில் துணியைக் கடித்துக்கொண்டு, யாருடைய வாயில் தங்கள் பெயர் இருக்கிறதோ என்று காத்திருந்தார்கள். வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றிக் கோடையிலும் விழுந்து பார்த்தார்கள். படி அதை ஏற்கவில்லை, விழுந்தவனுக்கே உடைந்தது. ஒருவன் "செல்வம்" என்று கத்த மூன்று செல்வங்களுக்கு மூக்கு உடைந்த பிறகு, பிள்ளைகளுக்கு உருண்டு முடிப்பதற்குள் சொல்லி முடிக்க முடியாத பெயர்களாக வைக்கத் தொடங்கினார்கள். தங்கப்பழம் அதில் முந்திக்கொண்டார். கரடிக்கொம்பு மாசிலாமணி வைத்தியலிங்கத் தங்கப்பழ ராஜேந்திர சிகாமணி என்று அரசிதழில் பெயர் மாற்றி, அதைத் தவிர வேறெதற்கும், தலைவரே என்பதற்குக்கூடத் திரும்பிப் பார்ப்பதை நிறுத்தினார். ஒருவன் எந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பானோ அந்தப் பெயரைத்தான் படி மதித்தது. அவரை யாரும் தொட முடியவில்லை. அவராலோ, கூலிக்கு விழும் சவரியப்பனை வைத்துக்கொண்டு யாரையும் தொட முடிந்தது. வரியை எதிர்த்துக் கேட்டவனின் தாடை உடைந்தது. தேர்தலில் நிற்கப் போவதாகச் சொன்னவனின் தொடை உடைந்தது. அடுத்த தேர்தலில் அவர் போட்டியில்லாமல் வென்றார்.

ஜெசிந்தா இந்த ஊர்க்காரி. படிக்கட்டு கட்டிய முதல் வருஷம், அடிவாரத்தில் கட்டடப் படிப்பு படித்துக்கொண்டிருந்தவள், விடுமுறைக்கு வந்து தட்டிலிருந்து சர்க்கரை வாங்கிக்கொண்டு இறங்கும்போது அரைப்படியில் கால் ஏமாந்து, "அம்மா" என்று கத்திக்கொண்டு விழுந்தாள். சர்க்கரைகூடக் கொட்டவில்லை. தேயிலை பறித்துக்கொண்டிருந்த அவள் அம்மா இன்னாசியம்மாவுக்கு இடுப்பு நொறுங்கியது. கோணலாகச் சேர்ந்த இடுப்போடு, கக்கத்தில் ஊன்றுகோலை வைத்துக்கொண்டு, சமதரையில் மட்டும் அவள் நடந்தாள். தட்டுக்கு ஏறவே இல்லை. இருமல் வந்தால் சாலையில் நின்று மேல்நோக்கி இருமிக் காட்டுவாள், கம்பவுண்டர் தட்டின் ஓரத்தில் நின்று கேட்டுவிட்டு மாத்திரையைத் துணியில் முடிந்து எறிவார்.

"அப்பன் பேரச் சொல்லியிருக்கக் கூடாதாடி?" என்று இன்னாசியம்மா வாரம் ஒருமுறையாவது கேட்பாள். "அந்தாளு செத்துத்தான போயிட்டான். எலும்பு மிச்சம் இருந்தா உடையட்டுமே."

"விழும்போது யோசிச்சா கத்துவாங்க?"

"அதான, அடி வாங்க மட்டும் அம்மா."

ஒன்றிய அலுவலகத்தில் ஓவர்சியர் வேலை கிடைத்ததும் ஜெசிந்தா கேட்டு வாங்கிய முதல் வேலை கரடிக்கொம்புக்குப் புதுப் படிக்கட்டு. உத்தரவை எடுத்துக்கொண்டு அவள் தட்டில் கூட்டம் போட்டபோது, சாமியப்பன்தான் முதலில் எழுந்தான்.

"ஏம்மா, படிய நல்லாக் கட்டிப்புட்டா நாங்க எங்க போயி விழுறது?"

"விழக் கூடாதுன்னுதான கட்டுறது."

"அது சரி. எம் பங்காளி போன ஆடியில எனக்கு ரெண்டு வெரல முறிச்சான். நான் இன்னும் திருப்பிக் குடுக்கல. அதுக்கு என்ன வழி?"

"கோர்ட்டுக்குப் போங்க."

"கோர்ட்டுக்கும் படி ஏறணுமே!"

கூட்டம் சிரித்தது. கையில் கட்டுப் போட்டிருந்த ஒரு பெண் பின்னாலிருந்து, "அதெல்லாம் கெடக்கட்டும், படி லாபத்துல முடியுமா நஷ்டத்துல முடியுமா, அத மொதல்ல சொல்லு" என்றாள்.

"லாபத்துலதான் முடியும். ஆனா எந்தப் படியையும் பொளக்க மாட்டேன். அடியில கல்லுப் போட்டுத் தரைய ஒசத்திட்டு, மிச்ச உயரத்த எல்லாப் படிக்கும் சமமாப் பங்கு போடுவேன். உங்க லாபமும் வரும், காலும் ஏமாறாது."

அது பெண்களுக்குப் பிடித்திருந்தது. எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தங்கப்பழத்தைப் பார்த்தார்கள்.

"கட்டட்டும்" என்றார் அவர். "சர்க்கார் உத்தரவு. ஆனா பழசையும் விட்டுவைப்போம். ரெண்டும் இருக்கட்டும். ஜனங்க வேணுங்கறதுல ஏறுவாங்க, வேணுங்கறதுல விழுவாங்க. ஜனநாயகம்."

மாசி மாத வெயிலில் பழைய படிக்குப் பக்கத்திலேயே வேலை தொடங்கியது. கோவிந்தன் ஆசாரி, அரைப்படியைத் தன் கையால் பிளந்த அதே மனிதர், இப்போது ஜெசிந்தா சொன்ன அளவுக்கு அறுத்தார். சாண் உயரத்துக்கும் குறைந்த படி, ரப்பர் பூட்ஸ் போட்ட கால் முழுதும் அடங்கும் அகலம். இந்த இரண்டுக்கும் ஒரு கணக்கு உண்டு: உயரத்தை இரட்டித்து அகலத்தோடு கூட்டினால் ஒரு மனிதன் அவசரமில்லாமல் எடுத்துவைக்கும் ஓர் எட்டின் நீளம் வர வேண்டும், கூடினால் மூச்சு வாங்கும், குறைந்தால் கால் தடுமாறும். பலகைக்கும் பலகைக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையும் இடைவெளி, தண்ணீர் நிற்காமலிருக்க முன்பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒரு சாய்வு, விளிம்பில் பழைய லாரி டயரைக் கீறி ஆணியடித்த பட்டை. பெயிண்ட் அடிக்கவே இல்லை. தட்டின் கூரைத் தண்ணீர் படியில் வந்து கொட்டாமல் உச்சியிலேயே ஒரு ஓடை வெட்டி வேறுபக்கம் திருப்பினாள். மரத்தின் அடி மண்ணைத் தொட்டால் உளுத்துவிடும் என்று கருங்கல்லின்மேல் நிறுத்தினாள். இரண்டு பக்கமும் கைப்பிடி, அதுவும் ஒரு கிழவியின் விரல்கள் சுற்றி வளைத்து மூடுகிற பருமனில்; அந்தப் பருமனுக்கு அவள் அளவெடுத்தது இன்னாசியம்மாவின் கையில்.

சித்திரையில் ஒருநாள் மத்தியானம் எதிர்பாராத கோடைமழை அடித்தது. பழைய படியில் தடதடவென்று சத்தம் கேட்டது, "ஜெசிந்தா" என்று தன் பெயர் கேட்டது, திரும்புவதற்குள் அளவு டேப் பிடித்திருந்த அவளுடைய இடதுகை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் மடங்கி, எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக வெளியே வந்து மழையில் நனைந்தது. அவள் பல்லைக் கடித்தபடி அப்படியே படியில் உட்கார்ந்தாள். அடியில் எழுந்து நின்ற சவரியப்பன் சட்டையை உதறிக்கொண்டிருந்தான்.

அடுத்த நாள் அவன் ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு வந்தான்.

"தப்பா எடுத்துக்காத தாயி. தொழிலு."

"வேற கையாப் பாத்து விழக் கூடாதாண்ணே? நான் எடக்கைக்காரி."

"அந்த அளவுக்கு இன்னும் கத்துக்கல" என்று அவன் உண்மையாகவே வருத்தப்பட்டான். பிறகு புதுப் படிக்கட்டைச் சுற்றிச்சுற்றி வந்து, கைப்பிடியைப் பிடித்துப் பார்த்து முகம் சுளித்தான். "இதப் புடிச்சா விழ முடியாதே. ஆமா, படிக்கு நடுவுல எதுக்கு இம்மாம்பெரிய மேடை?"

"ஏறுறவங்க மூச்சு வாங்கிக்க. எவனாவது விழுந்தாலும் பாதியிலயே நிக்க."

"பாதியிலயா? அப்பப் பாதிப் பேருதான சொல்ல முடியும்!" என்றான் சவரியப்பன். ஒரு கலை அழிவதைப் பார்ப்பவனைப் போல நெடுநேரம் நின்றிருந்துவிட்டுப் போனான்.

கையைக் கழுத்தில் துணித்தொட்டில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு ஜெசிந்தா வேலையை முடித்தாள். ஆனால் வெயில் காலத்தில் அந்தப் புதுப் படியில் ஏறியவர்கள் சிலரே; எல்லோரும் பக்கத்திலிருந்த பழையதைப் பார்த்து, மனதுக்குள் பெயர்களை ஒழுங்குபடுத்திக்கொண்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழையதைப் பிரிக்க உத்தரவு கேட்டு அவள் எழுதியதற்கெல்லாம் தலைவரின் நீண்ட பெயர் கையெழுத்தாகப் போட்டு, பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. வைகாசி முடியும் சமயத்தில், மேற்கே மேகம் கறுத்து, தவளைகள் கத்தத் தொடங்கிய ஒரு சாயங்காலம் சவரியப்பன் வாசலில் வந்து நின்றான். இந்தமுறை கையில் பழம் இல்லை.

"நாளைக்கு மழை புடிச்சதும் விழச் சொல்லியிருக்காரு. உங்கம்மா பேரு."

ஜெசிந்தா எழுந்து நின்றாள். "எங்கம்மா அந்தாளுக்கு என்ன பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல. உனக்குக் கை போயும் நீ நிறுத்தல இல்ல, அதான். தலைகீழா விழச் சொன்னாரு தாயி. இடுப்பு போயாச்சு, இனி கழுத்துதான்னாரு. முன்கூட்டியே சொல்லிட்டேன், அப்புறம் சவரியப்பன் சொல்லலைன்னு இருக்கக் கூடாது."

"நீ விழ மாட்டேன்னு சொல்லக் கூடாதா?"

"நான் விழலன்னா எம் பேரச் சொல்லி இன்னொருத்தன் விழுவான்" என்று சொல்லிவிட்டு அவன் குடையை விரித்தான், மழை இல்லாமலே.

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த இன்னாசியம்மா பயந்ததாகத் தெரியவில்லை. பேரை மாத்திக்கோம்மா, நாளைக்குள்ள புதுப் பேருக்குத் திரும்பிப் பழகிக்கோ, என்று மகள் கெஞ்சியபோது, "எங்கப்பன் வச்ச பேரு. கழுத்தோட சேந்து அதுவும் போகட்டும்" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குப் புளி கரைத்தாள்.

காலையில் வானம் தொங்கிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா கோவிந்தன் ஆசாரியின் வீட்டுக்குப் போய், பெரிய ரம்பத்தை எடுக்கச் சொன்னாள்.

"உத்தரவு?" என்றார் ஆசாரி.

"நான்தான் உத்தரவு."

ஆசாரி ரம்பத்தின் பல்லை விரலால் தடவிப் பார்த்தார். "எங்கம்மாவுக்கு எடக்கண்ணு என்னாலதான் போச்சு" என்றார். ரம்பத்தை எடுத்துக்கொண்டு நடந்தார்.

அவர் பழைய படிக்கட்டின் அடியில் புகுந்து, அதைத் தாங்கிய இரண்டு விட்டமரங்களில் ஒன்றை அறுக்கத் தொடங்கியபோது முதல் துளிகள் விழுந்தன. வரிசையில் நின்றவர்கள் கூச்சல் போட்டார்கள். எம் பங்காளிக்கு நான் பதில் சொல்ல வேண்டாமா என்று சாமியப்பன் ஆசாரியின் காலைப் பிடித்து இழுத்தான். ஆசாரி ரம்பத்தின் பிடியால் அவன் முகத்தில் குத்திவிட்டு மறுபடி அறுத்தார். மழை கொட்டியது. மேலே, குடைபிடித்த தங்கப்பழத்துக்கு முன்னால், சவரியப்பன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அரைப்படியின் விளிம்பில் கால்விரல்களை மடக்கி, கைகளை மார்பில் கட்டி, கிணற்றில் குதிப்பவனைப் போலக் கழுத்தை நீட்டி, "இன்னா" என்று ஆரம்பித்தான்.

புதுப் படியில் ஓடி ஏறிய ஜெசிந்தா அவன் தலைமுடியைப் பிடித்தாள். ஒற்றைக் கையால், முழுப் பலத்தோடு, பின்னாலிருந்து. முதல் கொத்து முடி தோலோடு அவள் கையில் வந்துவிட்டது. அவன் உடம்பு முன்னால் சாய்ந்தது. அவள் அவன் காதைப் பல்லால் கவ்வி, காலை அவன் இடுப்பில் சுற்றி, ஓர் ஆள் விழாமலிருப்பதற்காக அந்த ஊரில் யாரும் யாரையும் அதுவரை அடித்திராத அடியாக முழங்காலால் அடித்தாள். அவன் வாயிலிருந்து மிச்சப் பெயர் வர முயன்றது. அவள் தன் தொட்டில் கட்டிய உடைந்த கையை அப்படியே அவன் வாய்க்குள் திணித்தாள். அவன் கடித்தான். அவள் விடவில்லை. இருவரும் ஒரே உடம்பாக உருண்டு, படியில் அல்ல, தட்டின் பலகைமேல் விழுந்தார்கள். அடுத்த நொடியில் கீழே இரண்டாவது விட்டமரமும் அறுபட்டது. பச்சைப் படிக்கட்டு முழுதும், ஒருவரும் அதன்மேல் இல்லாமல், ஒரு பெயரையும் சொல்லாமல், சாலையில் சாய்ந்து சிதறியது.

சாலைக்கு அந்தப் பக்கம், வாசலில் நின்றிருந்த இன்னாசியம்மாவுக்குப் பாதிப் பெயர்தான் வந்து சேர்ந்திருந்தது. கழுத்து வெடுக்கென்று ஒருபக்கம் திரும்பி, மூக்கிலிருந்து ரத்தம் கொட்டி, அதோடு நின்றது. அவள் முந்தானையால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்பிய கழுத்து காட்டிய திசையில் பார்த்தாள். திசை சரியாகத் தட்டின் பக்கம்தான் இருந்தது. அங்கே கரடிக்கொம்பு மாசிலாமணி வைத்தியலிங்கத் தங்கப்பழ ராஜேந்திர சிகாமணி, வேறு வழி தெரியாமல், பிரம்புப் பிடி போட்ட தன் பெரிய கறுப்புக் குடையை மடக்கி, பலகையில் கிடந்த அவள் மகளை அடிக்கத் தொடங்கியிருந்தார். முதுகில் அடித்தார், உடைந்த கையில் அடித்தார், முகத்தில் அடித்தார். ஜெசிந்தாவின் பல் ஒன்று ஓடைத் தண்ணீரில் உருண்டுவந்து சாலையோரம் விழுந்தது. சவரியப்பன் காதைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தான். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது.

இன்னாசியம்மா சாலையைக் கடந்து கல்மேல் கால்வைத்தாள். ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கி, கைப்பிடியைப் பிடித்தாள். விரல்கள் சுற்றி வளைந்து பெருவிரலைத் தொட்டன. கொட்டும் மழையில் முதல் படி ஏறினாள், நல்ல காலை முன்னால் வைத்து, கெட்ட காலை இழுத்துச் சேர்த்து. இரண்டாவது படி முதல் படியைப் போலவே இருந்தது, மூன்றாவது இரண்டாவதைப் போலவே இருந்தது, தண்ணீர் பலகைகளின் இடுக்கில் இறங்கிக் காணாமல் போனது, டயர்ப் பட்டை அவள் வெறுங்காலைக் கவ்விப் பிடித்து விட்டுவிட்டுப் பிடித்தது, லாபம், நஷ்டம், லாபம் என்று உதடு எண்ணிக்கொண்டே போனது, நடுமேடையில் நின்று மூக்கை ஒருமுறை சிந்திவிட்டு மறுபடி ஏறினாள், மேலே மகளை அடிக்கும் சத்தம் ஒவ்வொரு படிக்கும் ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது, கைப்பிடி கடைசிப் படியிலும் முடிந்துவிடாமல் ஒரு முழம் தட்டுக்குள் நீண்டு அவளைக் கொண்டுபோய் நேராக நிறுத்தியது. அவள் ஊன்றுகோலைக் கக்கத்திலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, தலைவரின் தோளும் கழுத்தும் சேரும் இடத்தில் இறக்கினாள்.

காய்ந்த தேக்குக் கிளை ஒடிவது போலச் சத்தம் கேட்டது. கீழே நின்ற அத்தனை பேரும், சாமியப்பனும் அவனுடைய பங்காளியும் கம்பவுண்டரும் கட்டுப் போட்ட பெண்ணும், கண்ணை இறுக மூடிக்கொண்டு அவரவர் காறை எலும்பைத் தடவிப் பார்த்தார்கள். எல்லாம் முழுசாக இருந்தன. கண்ணைத் திறந்தார்கள். தங்கப்பழம் மண்டியிட்டு உட்கார்ந்து, தொங்கிப்போன தோளை மறுகையால் தாங்கிக்கொண்டு, அந்த வலி தன்னுடையதுதான் என்பதை நம்பமுடியாமல் பிள்ளையைப் போல அழுதுகொண்டிருந்தார்.

இன்னாசியம்மா ஊன்றுகோலை மறுபடி கக்கத்தில் வைத்துக்கொண்டு, ரத்தமும் மழையுமாகக் கிடந்த மகளைக் குனிந்து பார்த்தாள்.

"படி நல்லாத்தான் கட்டியிருக்க" என்றாள். "மூச்சே வாங்கல."